பை: மாவு, நெருப்பு, மெனக்கெடல்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு சனிக்கிழமை, எங்க வேளச்சேரி வாடகை வீட்டு கிச்சன்ல ஒரு பெரிய சொதப்பல் நடந்துச்சு. ஒரு கிலோ மாட்டுக்கறி, நாலு பெரிய வெங்காயம். மூணு மணி நேரம் மெதுவா வேக வெச்சேன். கறியை ஒரு பீங்கான் கிண்ணத்துல கொட்டி, வெண்ணெய் சேர்த்துப் பிசைஞ்ச மாவை மேல விரிச்சு மூடி, ஓவன்ல வெச்சேன். நாற்பது நிமிஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தா, மூடியைக் காணோம். மாவு கிரேவிக்குள்ள முங்கிப் போச்சு.

நான் செய்ய நினைச்சது பாட் பை. பைன்னா நமக்கு முதல்ல மஞ்சப்பைதான் ஞாபகம் வரும். இது வேற பை, இங்கிலாந்துப் பை. ஆனா வேடிக்கை என்னன்னா, அந்தப் பையும் ஒரு காலத்துல கிட்டத்தட்ட பை வேலையைத்தான் செஞ்சுது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

சொதப்பினதுக்குக் காரணம் சிம்பிள். கறி சூடா இருக்கும்போதே மூடியைப் போட்டுட்டேன். மாவு வெந்து இறுகறதுக்கு முன்னாடியே உள்ளே இருந்த வெண்ணெய் உருகிடுச்சு. எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? இந்த பக் எத்தனை வருஷமா இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடிப் போனதுல மாட்டினது 1378ஆம் வருஷத்து லண்டன் விலைப்பட்டியல் ஒண்ணு. அதுல இருந்த ஒரு வரிதான் இன்னைக்கு எபிசோட்.

கறி உன்னுது, நெருப்பு என்னுது

1378ல இங்கிலாந்தோட ராஜா இரண்டாம் ரிச்சர்ட், சின்னப் பையன். லண்டன்ல சமைச்ச சாப்பாடு விக்கிறவங்களுக்கும் பை சுடுறவங்களுக்கும் நகர நிர்வாகம் விலை நிர்ணயம் பண்ணுது. மாவுக்குள்ள வெச்சுச் சுட்ட சேவல் 8 பென்ஸ், நல்ல கோழின்னா 5 பென்ஸ். இதெல்லாம் சாதாரண ஹோட்டல் மெனு மாதிரி இருக்கு. அதுக்குக் கீழ ஒரு ஐட்டம்: சேவல் ஒண்ணுக்கு மாவு, நெருப்பு, மெனக்கெடல் மூணுக்கும் சேர்த்து 1½ பென்னி. வாத்துன்னா 2 பென்ஸ்.

புரியுதா? சேவல் உங்களுது. வீட்டுல இருந்து நீங்களே எடுத்துட்டுப் போறீங்க. கடைக்காரர் மாவு போட்டு, தன்னோட அடுப்புல வெச்சு, சுட்டுத் தர்றார். அந்த வேலைக்கு மட்டும் கூலி.

இதைப் படிச்சதும் எனக்குத் தோணின வார்த்தை, அரவைக்கூலி. அரிசி நம்மளுது, மில்லு அவருது. பாளையங்கோட்டையில எங்க ஆச்சி இன்னொண்ணும் செய்வாங்க. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி கேக் மாவை வீட்டுலயே கலக்கி, டின்ல ஊத்தி, பக்கத்துத் தெரு பேக்கரிக்கு எடுத்துட்டுப் போவாங்க. ரொட்டி சுட்ட அடுப்புல சூடு மிச்சம் இருக்கும். அதுல கேக் வேகும். கூலி குடுத்துட்டு வாங்கிட்டு வரணும். ‘வீட்டுல செஞ்ச கேக்’னுதான் நாங்க எல்லாருக்கும் குடுப்போம். ஆனா நெருப்பு வீட்டுது இல்ல.

இன்னைக்கு ரெசிபி வீடியோவெல்லாம் பாருங்க. பைன்னாலே பாட்டி, வீடு, பாரம்பரியம்னு ஒரு மஞ்ச வெளிச்சம். உண்மையில வரலாற்றோட பெரும்பகுதியில, நகரத்து ஏழை மக்களுக்கு பை வீட்டுச் சாப்பாடே இல்ல. அவங்க வீட்டுல ஓவனே கிடையாது.

ஓவன்னா அன்னைக்கு செங்கல்லால கட்டின குகை மாதிரி ஒரு அடுப்பு. உள்ளேயே விறகை எரிச்சு, கல்லு சூடேறினதும் கங்கை வழிச்சு வெளியே தள்ளிட்டு, அந்தச் சூட்டுல முதல்ல ரொட்டி, சூடு இறங்க இறங்க மத்ததெல்லாம். அதுக்கு இடம் வேணும், விறகு வேணும். ஆபத்து வேற. 1666 செப்டம்பர் 2ஆம் தேதி லண்டன் பெருந்தீ தொடங்கினது புட்டிங் லேன்ல தாமஸ் ஃபேரினர்ங்கிறவரோட பேக்கரியில. 13,000 வீடுகளுக்கு மேல எரிஞ்சுது.

சாப்பிடுறதுக்கான பெட்டி

இப்போ அந்தப் ‘பை’ ஜோக்குக்கு வருவோம். பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகள்ல பையோட மாவு ஓட்டுக்குப் பேரு ‘காஃபின்’. பயப்படாதீங்க. அந்த வார்த்தைக்கு அப்போ பெட்டின்னுதான் அர்த்தம். கறியை வேக வைக்க, தூக்கிட்டுப் போக, கெடாம வைக்க மாவாலயே செஞ்ச டப்பா. 1615ல ஜெர்வாஸ் மார்க்கம் குடும்பத் தலைவிகளுக்காக எழுதின புத்தகத்துல, எந்தக் கறிக்கு எந்த மாவுன்னு பிரிச்சே சொல்றார். ரொம்ப நாள் இருக்க வேண்டிய மான்கறி மாதிரி ஐட்டத்துக்கு கம்பு மாதிரி கருத்த ரை தானிய மாவு, தடிமனா, கெட்டியா. வெந்ததும் மூடியில இருக்கிற ஓட்டை வழியா உருக்கின வெண்ணெயை ஊத்தி உள்ளே காத்து புகாம அடைக்கிற பழக்கமும் இருந்துச்சு. ஃப்ரிட்ஜ் இல்லாத ஊர்ல அதுதான் பேக்கேஜிங்.

ஆனா பெட்டின்னு வந்துட்டா ஒரு பிரச்சினையும் கூடவே வரும். மூடின பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

விலைப்பட்டியல் வந்த அடுத்த வருஷமே, 1379ல, லண்டன் பைக்காரங்களுக்கு இன்னொரு உத்தரவு வருது. அழுகின கறியையும் கழிவையும் பைக்குள்ள வெச்சு விக்கிறாங்க, மாட்டுக்கறியை வெச்சு மான்கறின்னு விக்கிறாங்க, ஜனங்களை ஏமாத்துறாங்க, இனிமே கூடாது. மான்கறிங்கிறது அப்போ பெரிய இடத்துச் சமாச்சாரம். மான் இருக்கிற பூங்காக்கள் பிரபுக்களோடது. பெரும்பாலும் அது பரிசா வர்ற கறி. மசாலா போட்டு மாவுக்குள்ள மூடிட்டா, மாடா மானான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

அதே காலத்துல சாசர் எழுதின கேன்டர்பரி கதைகள்ல ஒரு சமையல்காரர் வர்றார். அவரைக் கலாய்க்கிறவர் சொல்றதே இதுதான்: விக்காத பையில இருந்து கிரேவியை வடிச்சு எடுத்துடுவ, ரெண்டு தடவை சுட வெச்சு ரெண்டு தடவை ஆறினதை விப்ப. கேட்டவங்க சிரிச்சிருப்பாங்க. எல்லாருக்கும் அனுபவம் இருந்திருக்கும்.

சட்டம் போட்டா சரியாயிடுமா? 281 வருஷம் கழிச்சு, 1660 ஜனவரி 6. சாமுவேல் பெப்பீஸ்னு 26 வயசு அரசாங்க குமாஸ்தா, கிட்டத்தட்ட நம்ம வயசுதான், டைரி எழுத ஆரம்பிச்சு ஆறாவது நாள். சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போறார். சாப்பாடு நல்லா இருந்துச்சாம். ஆனா மான்கறிப் பைன்னு வெச்சது அப்பட்டமா மாட்டுக்கறியாம். இது மரியாதையான வேலை இல்லன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். அவரோட டைரிதான் பின்னாடி அந்த 1666 தீயைப் பத்தி நமக்குக் கிடைச்ச முக்கியமான சாட்சி.

எண்ணெய் கேன்ல கிரேவி

1851ல ஹென்றி மேஹியூ லண்டன் தெருவுல பொழைக்கிறவங்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்து எழுதினார். அதுல பைக்காரங்க வர்றாங்க. ஒரு பை ஒரு பென்னி. வாங்க வர்றவங்க காசு சுண்டுவாங்க. பைக்காரர் ஜெயிச்சா காசும் அவருக்கு, பையும் அவருக்கு. தோத்தா பை இலவசம். கறிப் பைக்கு கிரேவி எப்படித் தெரியுமா? மூடியில சுண்டு விரலால ஒரு ஓட்டை. எண்ணெய் கேன்ல இருந்து நிறம் சேர்த்த உப்புத்தண்ணியை மூடி உப்புற வரைக்கும் ஊத்துவாங்க. அதான் கிரேவி.

சிரிப்பு வருதுல்ல? ஆனா சூடா ஒரு வாய்க்கு அந்த மக்களுக்கு வேற வழி கம்மி. அதே காலத்துல, வாரத்துக்கு ஒரு நாள் கறி வாங்க முடிஞ்ச குடும்பங்க ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தூக்கிட்டு பேக்கரிக்குப் போனாங்க. 1843ல வந்த டிக்கன்ஸோட கிறிஸ்துமஸ் கதையில தெருவெல்லாம் அந்தக் கூட்டம்தான். 1830கள்ல ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், கடை எதுவும் திறக்கக் கூடாதுன்னு பார்லிமென்ட்ல திரும்பத் திரும்ப மசோதா கொண்டு வந்தாங்க. டிக்கன்ஸ் அதை எதிர்த்து எழுதினார். பணக்காரன் வீட்டுல சமையல்காரரும் அடுப்பும் இருக்கு. பேக்கரியை மூடினா வயிறு காயப் போறது ஏழைக்குத்தானே? அந்த மசோதாக்கள் நிறைவேறல.

சரி, நெருப்பு எப்போ வீட்டுக்குள்ள வந்துச்சு? வசதியானவங்களுக்கு 19ஆம் நூற்றாண்டுல ஓவன் வெச்ச இரும்பு அடுப்பு வந்தாச்சு. 1861ல இசபெல்லா பீட்டனோட பெரிய புத்தகத்துல மாட்டுக்கறிப் பைக்குக் குறிப்பு இருக்கு. அது நடுத்தரக் குடும்பத்துக்கு. தொழிலாளர் வீடுகளுக்கு வழி திறந்தது 1890கள்ல, காசு போட்டா கேஸ் வர்ற மீட்டர் வந்தப்போ. ஒரு பென்னி போடு, அந்த அளவுக்கு கேஸ் எரியும். அடுப்பையும் கேஸ் கம்பெனிகள் வாடகைக்குக் குடுத்தாங்க. நம்ம ப்ரீபெய்ட் ரீசார்ஜ் மாதிரின்னு வெச்சுக்கங்க.

ஆக, 1378ல கடைக்காரருக்குக் குடுத்த கூலியில மாவு, நெருப்பு, மெனக்கெடல்னு மூணு பங்கு இருந்துச்சுல்ல? நெருப்பு வீட்டுக்கு வந்ததும் மூணும் வீட்டுப் பொறுப்பு ஆயிடுச்சு. மெனக்கெடல் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில. கூலி மட்டும் காணாமப் போச்சு. ‘அம்மா கைமணம்’னு நாம கொண்டாடுறதுக்குள்ள இந்தக் கணக்கும் மூடி வெச்சுதான் இருக்கு.

என் கணக்கு

ரெண்டாவது சனிக்கிழமை மறுபடி செஞ்சேன். சப்பைக்கறிதான் இதுக்குச் சரி. நிறைய வேலை செஞ்ச தசை, அதனால நார் ஜாஸ்தி, விலை கம்மி. அந்த நார்ல இருக்கிற கொலாஜன், கொதிக்க விடாம மெல்லிய சூட்டுல ரெண்டரை, மூணு மணி நேரம் வெச்சா ஜெலட்டினா மாறும். கிரேவிக்கு அந்த ஒட்டுற பதம் அதுல இருந்துதான் வருது. வெங்காயத்தை அவசரப்படாம, பழுப்பு நிறம் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் தனியா வதக்கினேன். அப்புறம் முக்கியமான கட்டம்: கறியை முழுசா ஆற விட்டேன். 250 கிராம் மைதா, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய், கொஞ்சம் ஐஸ் தண்ணி. சென்னை வெயிலுக்கு மாவை ரெண்டு தடவை ஃப்ரிட்ஜுக்குள்ள அனுப்ப வேண்டி இருந்துச்சு. மூடி நடுவுல ஆவி போக ஒரு ஓட்டை. 200 டிகிரி. இந்தத் தடவை மூடி நின்னுச்சு. பொன்னிறமா.

அன்னைக்கு ரெண்டு நண்பர்கள் சாப்பிட வந்தாங்க. அதுல ஒருத்தன் மாட்டுக்கறி சாப்பிட மாட்டான். அவனுக்குத் தனியா காளான் பை, தனிக் கரண்டி, தனிக் கிண்ணம். வெந்ததும் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்னு முன்னாடியே தெரியும். அதனால மிச்ச மாவுல எழுத்து வெட்டி ஒட்டினேன். ஒண்ணுல ‘மா’, ஒண்ணுல ‘கா’.

ஆச்சியோட கேக் டின் ஞாபகம் வந்துச்சு. அதுல பாத்திரக்கடையில வெட்டின அவங்க பேரு இருக்கும். அப்படியும் டின்னைக் குடுத்துட்டு வீட்டுக்கு வர மாட்டாங்க. வெந்து வெளியே வர்ற வரைக்கும் பேக்கரி பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்க. சின்ன வயசுல எனக்கு அது சந்தேகப் புத்தியாத் தெரிஞ்சுது. அடுத்தவங்க நெருப்புல தன்னோட பொருளைக் குடுத்தவங்க ஆறு நூற்றாண்டா அப்படித்தான் உக்காந்திருக்காங்கன்னு இப்போ புரியுது.

என் நண்பன் ‘கா’ போட்ட கிண்ணத்தைப் பார்த்தான். “இதுதானே என்னோடது?”ன்னு கேட்டான். ஆமான்னேன். மூடியைக் கிளறிப் பார்க்கல, மோந்து பார்க்கல. நேரா ஸ்பூனைப் போட்டு ஒரு வாய் சாப்பிட்டான்.

1379ல உத்தரவு போட்டும் லண்டன் நகரத்தால வாங்க முடியாதது அதுதான். வீட்டுல செஞ்ச பைக்கு ஏதாவது பெருமை இருக்குன்னா, என்னைக் கேட்டா, அதுதான் இருக்கு.

நீங்க யாராவது பக்கத்து பேக்கரியில கேக் சுட்டு வாங்கின வீட்டுல இருந்து வந்திருந்தா, அந்தக் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கூலி எவ்வளவுன்னும் மறக்காமச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.