தனிப்பயிற்சி: மன்னார்குடி வட்டாரம்

பள்ளி நேரத்துக்கு வெளியே கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுப்பது தனிப்பயிற்சி, பேச்சில் டியூஷன். மன்னார்குடியிலும் சுற்றியுள்ள நெல் வட்டாரத்திலும் இதன் வரலாறு, வாத்தியாருக்கு யார் படியளப்பது என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பள்ளி வேறு, டியூஷன் வேறு என்ற பிரிவே இல்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்ட கணக்குக்குத் தஞ்சாவூர் மாவட்டம் அனுப்பிய பதிலில் 884 பள்ளிகளும், உயர்கல்வி தரும் 109 இடங்களும் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி ஓலைக்கு வந்தார்கள். எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று என்ற கணக்கு வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். நெல் அளக்க, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிலம் அளக்க, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. களத்துமேட்டில் ஏமாறாமல் இருக்கவும் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகவும் இதுதான் படிப்பு.

வாத்தியாருக்குக் கொஞ்சம் காசு, அறுவடையில் நெல், நவராத்திரியில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடி வாங்கிவரும் காணிக்கை. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அவர்கள் சம்பாதிப்பது அரிது, இதற்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்று 1826இல் மன்றோ எழுதினார். “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்” என்று பிள்ளையை ஒப்படைத்த வீட்டு வாசலில்தான் அந்த வாத்தியார் நெல்லுக்காக நிற்கவும் வேண்டியிருந்தது. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. பழைய குருபக்தியைப் புகழ்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புலமைக்குத் தனி மதிப்பு இருந்தது. மகாமகோபாத்தியாய ராஜு சாஸ்திரிகளிடம் (1815–1903) சாஸ்திரப் பாடம் கேட்க மாணவர்கள் மன்னார்குடிக்கு வந்தார்கள். தமிழில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நிழலில் மடத்துச் சோறு உண்டு படித்த உ.வே.சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒரே ஆயுளில் இரண்டு காலங்களையும் பார்த்தவர் அவர்.

மன்னார்குடி 1866இல் நகராட்சியானது. வெஸ்லியன் மிஷனின் பின்லே பள்ளியும், பிறகு தேசியப் பள்ளியும் ஆங்கிலப் படிப்பை ஊருக்குக் கொண்டுவந்தன. தேறிய மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து மானியம் தரும் முறை மாகாணத்தில் இருந்ததால், பரீட்சை வாத்தியாரின் வயிற்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. வாரச் சாப்பாட்டில், அதாவது நாளுக்கொரு வீட்டில் உண்டு, வளர்ந்த ஏழை மாணவர்கள், சோறு போட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கடன் கழித்தார்கள். இன்றைய டியூஷனின் நேரடி முன்னோர் இவர்கள்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் தனியார் நிர்வாகப் பள்ளி ஆசிரியரின் நிலை நெடுங்காலம் நிர்வாகியின் தயவில் இருந்தது. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பணிக்குப் பாதுகாப்புத் தந்தது. ஆசிரியர் நிலைத்த சம்பளக்காரரானதும் ஊரின் பார்வை மாறியது. மாப்பிள்ளைச் சந்தையில் மதிப்பு ஏறியது, பழைய பயபக்தி இறங்கியது.

டியூஷன் தொழிலாகப் பெருகியது 1978இல் பிளஸ் டூ வந்த பிறகு. 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு அதற்கு எண்ணெய் ஊற்றியது. கணக்கு, இயற்பியல், வேதியியல் சார்களின் வீட்டில் விடியற்காலை ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதற்காகச் சேர்த்தவர்கள் பலர். பிராக்டிகல் மார்க் அவர் கையில் இருக்கிறது என்பதற்காகச் சேர்த்தவர்களும் உண்டு. சிறு வகுப்புகளைத் தெருவுக்குத் தெரு டியூஷன் அக்காக்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சொற்பம், பொறுமை அதிகம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அச்சட்டமோ 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. டியூஷனில் பணம் புரள்வது அந்த வயதுக்கு மேல். புகார் கொடுக்க வேண்டிய பெற்றோரின் பிள்ளை மறுநாளும் அதே சாரின் வகுப்பில்தான் உட்கார வேண்டும். தடை வேறு நாட்டிலும் நிலைக்கவில்லை: தென்கொரியா 1980இல் தனிப்பயிற்சியை அடியோடு தடைசெய்து பார்த்தது; 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையை நீக்கியது.

கொரோனாவுக்குப் பின் 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பை இலவசமாகத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மேல்வகுப்புகளில், மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு கதையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பெருநகரப் பயிற்சி மையங்களுக்குப் பஸ் ஏறுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது.