கருநாடகப் போரை மூட்டியவர் யார்?

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலையே பலருடைய நினைவுக்கு வரும். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள அவ்வூரில் பிறந்து, தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. இரண்டும் கூடினாலன்றித் துணியில்லை என்பதை எங்கள் ஊர்க் குழந்தையும் அறியும். ஆயினும், சரித்திரம் கற்பித்த காலத்தில் அவ்வெளிய உண்மையை நான் ஒருமுறை மறந்தேன். அந்தத் தவற்றைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

அப்போது நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. இரண்டாம் கருநாடகப் போருக்குக் காரணம் யாது என்று தேர்வில் வினவியிருந்தேன். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த விடை ஒரே வரிதான்: புதுச்சேரிக் கவர்னர் டூப்ளேயின் பேரரசுக் கனவு. நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன் மட்டும், ஆர்க்காட்டுப் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் துணைக்கு அழைத்தமையால் பிரெஞ்சுக்காரர் போரில் இறங்கினர் என்று எழுதியிருந்தான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட அவன், "ஐயா, டூப்ளே அப்படிக் கனவு கண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறாரா? எப்போது எழுதினார்?" என்று பணிவோடு கேட்டான். என்னிடம் விடை இல்லை. "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்று கூறி அவனை உட்கார வைத்துவிட்டேன். அவன் உட்கார்ந்தான், அவனுடைய கேள்வி உட்காரவில்லை. பின்னாளில் நூல்களைப் புரட்டியபோதுதான், அதே கேள்வியை முன்னிட்டுப் பெரும் சரித்திராசிரியர்கள் வாதாடியிருப்பதைக் கண்டேன்.

முதலில் போரின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1748இல் ஐதராபாத் நிசாம் மறைந்தார். அவருடைய மகன் நாசிர் ஜங்கும், மகள் வயிற்றுப் பேரன் முசபர் ஜங்கும் பட்டத்துக்குப் போட்டியிட்டனர். ஆர்க்காட்டிலோ, நவாபாக இருந்த அன்வருத்தீனை எதிர்த்து, பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாகிப் எழுந்தார். முசபர் ஜங்கும் சந்தா சாகிப்பும் கைகோத்தனர். டூப்ளே அவர்களுக்குப் படையுதவி அளித்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளியில் புகலடைந்து, ஆங்கிலேயரின் துணையை நாடினார். 1751இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப்பை, அவ்வாண்டு டிசம்பரில் எங்கள் ஆரணிக்கு அருகே மராட்டியக் குதிரைப் படையின் துணையோடு அவர் முறியடித்தார். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754இல் டூப்ளே தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

இனி, காரணத்துக்கு வருவோம். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடை இந்நாட்டுப் பெரும்படைகளை வெல்லும். அப்பயிற்சியை இந்நாட்டாருக்கும் எளிதில் அளிக்கலாம். இவ்விரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரரே என 1817இல் வெளிவந்த தம் நூலில் ஜேம்ஸ் மில் எழுதினார். மொகலாயப் பேரரசின் இடிபாடுகள்மீது ஐரோப்பியப் பேரரசு ஒன்றை எழுப்பலாம் என முதலில் எண்ணியவர் டூப்ளே என்று 1840இல் மெக்காலே எழுதினார். 1868இல் மாலிசன் அவரை மாபெரும் அரசியல் மேதையாகவே தீட்டினார். ஒருவர் மனத்தில் வகுத்த திட்டமே போராக விளைந்தது என்னும் இக்கொள்கை பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. நான் கரும்பலகையில் எழுதிய ஒற்றை வரியும் அதுவே.

1901இல் பிரெஞ்சு அறிஞர் குல்த்ரு இக்கொள்கையை மறுத்து ஒரு நூல் வெளியிட்டார். தம் நாட்டார் வீரராகப் போற்றிய ஒருவரைப் பற்றி அவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அவர் டூப்ளேயின் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தார். வணிகக் குழுவுக்கு இந்தியாவில் நிலையான நிலவருவாய் வேண்டும் என்று டூப்ளே தம் கொள்கையை விரித்துரைத்த புகழ்பெற்ற கடிதம் 1753 அக்டோபரில் எழுதப்பட்டது. அதாவது, ஆம்பூர்ப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர்! ஆகவே திட்டம் முந்தியதன்று, போரே முந்தியது என்றும், நடந்துவிட்ட செயலுக்குப் பின்னர்க் கூறப்பட்ட நியாயமே அந்தக் கடிதம் என்றும் குல்த்ரு வாதித்தார். சென்னை ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய டாட்வெல், 1920இல் வெளியிட்ட நூலில், டூப்ளேயின் கொள்கை சூழ்நிலைக்கேற்பப் படிப்படியாக உருவானதென்றே காட்டினார். புதுச்சேரிக் கவர்னராக இருந்த மார்த்தினோ, டூப்ளேயின் வாழ்வை நான்கு தொகுதிகளாக எழுதி, ஆராய்ச்சிக்கு மேலும் பல ஆவணங்களை வழங்கினார்.

வேறு சில செய்திகளும் பழைய கொள்கையை அசைக்கின்றன. ஆம்பூர்ப் போருக்கு முன்பே, 1749இன் முற்பகுதியில், தஞ்சை அரசை இழந்த சாகுஜிக்குத் துணைபோவதாகச் சொல்லி ஆங்கிலேயர் படை அனுப்பினர். தேவிகோட்டை கைக்கு வந்ததும் சாகுஜியைக் கைவிட்டு, பிரதாப சிங்கோடு உடன்பாடு செய்துகொண்டனர். அதற்கும் முன்னர், 1739இல், கவர்னர் துய்மா காலத்தில் தஞ்சை அரசுரிமைப் பூசலைப் பயன்படுத்திப் பிரெஞ்சுக்காரர் காரைக்காலை அடைந்தனர். எனவே பட்டத்துப் போட்டியில் ஒருவருக்குப் படை கொடுத்து நிலம் பெறும் வழக்கம் டூப்ளேயின் தனிக் கண்டுபிடிப்பன்று. சந்தா சாகிப்பும் பிறர் கைப்பாவையல்லர். தமக்கென நோக்கமும் கணக்கும் உடைய அரசியல்வாதி. என் மாணவன் எழுதியது முழு விடை அன்று எனினும், அடித்துத் தள்ளத்தக்க விடையும் அன்று.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரின் ஏட்டையும் நினைத்தல் வேண்டும். டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவருக்கும் விருப்பு வெறுப்புகள் இருந்தன. டூப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதியவற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆயினும் அந்த ஏட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாளை என்ன நடக்கும் என்பதை அறியாமல் எழுதியவர் அவர். முடிவை அறிந்தவர் காரணத்தை அம்முடிவுக்கேற்ப வளைத்துக்கொள்ளக் கூடும். முடிவறியாதவருக்கு அந்த வசதி இல்லை.

அவ்வாறாயின், புதிய கொள்கை எதுவாயினும் ஏற்கத்தக்கதோ? அன்று. 1961இல் இங்கிலாந்தில் ஏ. ஜே. பி. டெய்லர் இரண்டாம் உலகப் போரின் தோற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். இட்லர் பெரும்போருக்குத் திட்டம் வகுத்தவர் அல்லர், பிறருடைய பிழைகளைப் பயன்படுத்திக்கொண்டவரே என்பது அவர் வாதம். டிரெவர்-ரோப்பர் முதலியோர் அதைக் கடுமையாக மறுத்தனர். இட்லர் தம் நோக்கத்தைப் போருக்குப் பல்லாண்டு முன்னரே நூலாக எழுதியிருந்தார் என்பது அவர்கள் காட்டிய சான்று. இரண்டு வாதங்களும் வடிவில் ஒன்றே: திட்டமில்லை, சந்தர்ப்பமே உண்டு. ஆனால் டூப்ளேயின் கடிதம் போருக்குப் பிந்தியது. இட்லரின் நூல் போருக்கு முந்தியது. ஒரே வகையான வாதம் ஓரிடத்தில் வலுப்பெறுவதும் மற்றோரிடத்தில் தளர்வதும் இதனால்தான். கொள்கை பழையதா புதியதா என்பது அளவுகோல் ஆகாது. சான்று எது, அது எழுந்த நாள் எது என்பனவே அளவுகோல்.

மற்றொன்றையும் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். திட்டம் இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. ஆம்பூருக்குப் படை அனுப்பியவர் டூப்ளேதான். அவ்வுதவிக்கு ஈடாக வில்லியனூரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பெற்றதும் அவருடைய அரசுதான். தேவிகோட்டையை வைத்துக்கொண்டவர் ஆங்கிலேயர்தாம். பட்டத்துக்காக அயலாரின் துப்பாக்கியை வாடகைக்குப் பெற்றவர்கள் நம் நாட்டுப் பிரபுக்களே. ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்க்காமல் எடுத்து வைத்தனர் என்பது அவர்களுக்கு மன்னிப்பாகாது. படைகள் கடந்த வழியெல்லாம் விளைநிலமும் தறிமேடையும் இருந்தன என்பதை அவர்களுள் எவரும் அறியாதவரல்லர்.

அந்த மாணவனின் தாளில் நான் அடித்த சிவப்புக் கோட்டை இனி அழிக்க இயலாது. ஆனால் அதற்குப் பின் நான் கற்பித்த ஒவ்வொரு வகுப்பிலும், காரணம் கேட்கும் வினாவுக்கு ஒற்றை வரி விடையை ஏற்றதில்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், அப்போது அவருக்கு என்ன தெரியும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கச் செய்தேன். மாணவ நண்பர்களே, உங்கள் ஆசிரியர் ஒரு போருக்கு ஒரு காரணம் சொன்னால், நீங்களும் பணிவோடு எழுந்து நின்று, "எப்போது எழுதினார், ஐயா?" என்று கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியர் அன்று சினந்தாலும், பின்னொரு நாள் உங்களை நன்றியோடு நினைப்பார். நான் நினைக்கிறேன்.