சவ்வாது மலை சாமை உழவர்களுக்கான வணிகப் பயிற்சி

சவ்வாது மலை சாமை உழவர்களுக்கான வணிகப் பயிற்சி என்பது, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான சவ்வாது மலையில் (ஜவ்வாது மலை என்றும் எழுதப்படும்) வாழும் சிறு உழவர்களுக்குக் கணக்கு வைத்தல், தானியத்தைத் தூய்மை செய்து தரம் பிரித்தல், கூட்டாக விற்றல் ஆகியவற்றைக் கற்பிக்கும் முயற்சிகளைக் குறிக்கும். இம்மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மக்களுள் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். கேரளத்து மலையாளிகளுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பின்னணி

சாமை இம்மலையின் முதன்மையான மானாவாரிப் பயிர்களுள் ஒன்றாகும். இதன் உமி தானியத்துடன் இறுக ஒட்டியிருக்கும். எனவே உரலில் இட்டுக் குத்தியே அரிசியாக்க வேண்டியிருந்தது. இவ்வேலை பெண்கள் மீதே விழுந்தது. நியாய விலைக் கடைகளில் நெல்லரிசி கிடைக்கத் தொடங்கியபின் வீட்டில் சாமை உண்பது குறைந்தது. தானியம் உமியுடனேயே சமவெளி வணிகர்களுக்கு விற்கப்பட்டது. அதுவும் அறுவடை முடிந்தவுடன், விலை தாழ்ந்திருக்கும் காலத்தில்.

முயற்சிகள்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் 2011 முதல் 2014 வரை சிறுதானியங்களை மீட்டெடுக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தியது. தமிழ்நாட்டில் அஞ்செட்டி, பேரையூர் ஆகிய இடங்களுடன் சவ்வாது மலையும் அதன் களமாக இருந்தது. விதைத் தேர்வு, உமி நீக்கும் இயந்திரங்கள், சிறுதானிய உணவு வகைகள் ஆகியன அதில் இடம்பெற்றன.

கூட்டு விற்பனைக்கான சட்ட வடிவம் 2002 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத் திருத்தத்தால் கிடைத்தது. இதன்படி உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யலாம். பங்கு எவ்வளவாயினும் தனிநபர் உறுப்பினர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு மட்டுமே. 2020 இல் இந்திய அரசு அறிவித்த திட்டத்தில் சமவெளிக்கு 300 உறுப்பினர்கள் தேவைப்பட, மலைப்பகுதிக்கு 100 பேர் போதும் எனத் தளர்த்தப்பட்டது. சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்டு பழங்குடி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று இயங்குகிறது.

கணக்கு எங்கே பிசகுகிறது

பயிற்சியின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கில் உள்ளது. 100 கிலோ சாமையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். தானியம் கிலோ 30 ரூபாய், அரிசி 70 ரூபாய் என வைத்துக்கொண்டால், தானியமாக விற்றால் 3000 ரூபாய். அரிசியாக விற்றால் 4550 ரூபாய். அரவை, சாக்கு, வண்டி வாடகை ஆகியவற்றுக்கு 750 ரூபாய் கழித்தால் கூடுதல் வரவு 800 ரூபாய். ஆனால் அரிசி விற்றுப் பணம் வரும்வரை வீட்டுச் செலவுக்கு 3000 ரூபாயை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடன் வாங்கினால், மாதந்தோறும் 150 ரூபாய் கரையும். ஐந்தரை மாதத்துக்குள் இலாபம் முழுவதும் தீர்ந்துவிடும். ஆகவே நடைமுறை மூலதனம் இல்லாத உழவருக்குக் கணக்குப் பாடம் மட்டும் பயன் தராது. கொள்முதல் நாளிலேயே பணம் தரும் நிறுவனமும் உடன் வேண்டும்.

பிற நாடுகளின் பட்டறிவும் இதையே காட்டுகின்றது. தொழில்முனைவோர் பயிற்சிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட கட்டுரை, பல பயிற்சிகளின் விளைவு சிறிதே எனக் குறிப்பிடுகின்றது.

குடும்ப நலன்

சாமை விற்பனைப் பொருளாகும்போது வீட்டுப் பானையிலிருந்து அது மறையக்கூடும். விலை ஏறினால் இவ்வாய்ப்பு மேலும் கூடும். மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் கொக்கோ உழவர்களுக்காக 2010 இல் செருமனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு நிறுவனம் தொடங்கிய உழவர் வணிகப் பள்ளிகளில் இச்சிக்கல் நேரடியாகக் கையாளப்பட்டது. கொக்கோ வரவைக் கணக்கிடுவதுடன், குடும்பத்தின் ஆண்டு உணவுத் தேவைக்குப் பண்ணை விளைச்சல் போதுமா என்று கணக்கிடுவதும் அங்கே ஒரு பாடமாகும். கொக்கோவை வைத்து அடுப்பெரிக்க முடியாது என்பதால் அங்கு இது தவிர்க்க இயலாததாயிற்று. சாமையோ உண்ணவும் ஆகும், விற்கவும் ஆகும். இங்கு விதைக்கு ஏக்கருக்கு நான்கைந்து கிலோவும் வீட்டு உணவுக்குரிய பங்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதையே விற்பனைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பயிற்சிக்கு யார் வருகிறார் என்பதும் முக்கியமானது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர நிலப் பட்டா வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. விளைபொருள் உற்பத்தியில் ஈடுபடும் எவரும் உறுப்பினராகலாம். ஆயினும் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் பங்கும் அவர்கள் பெயரிலேயே வாங்கப்படுவது வழக்கம். சாமையைக் களையெடுத்து, புடைத்து, சேமித்து வைக்கும் பெண்கள் பதிவேட்டில் இடம்பெறாமல் போகின்றனர். உமி நீக்கும் இயந்திரம் அவர்களது உடலுழைப்பைக் குறைத்தாலும், விற்ற பணம் யார் கைக்கு வருகிறது என்பதை அது மாற்றுவதில்லை.