கோலை எடுப்பவர் யார்? சம்பளம் கொடுப்பவர் யார்?



நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் நாங்கள் என்ன செய்வோம்? தெரிந்த மிஸ்ஸி ஒருவருக்குக் கோல் எடுப்போம். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா, விடியும் வரை பார்க்கலாமா?" என்று கேட்போம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஓர் அரசாங்கம் தனிச் சேவை நடத்தியது. அந்த வரலாற்றில் எங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1998 மார்ச்சில் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் உட்பட மூன்று இடங்களில் 'என்.எச்.எஸ். டிரெக்ட்' பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் பரவியது. இரவு பகலாக, அனுபவமுள்ள தாதியரே கணினியின் உதவியோடு ஆலோசனை சொன்னார்கள்.

ஆனால் அத்தனை தாதியருக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிகளிலேயே பற்றாக்குறை. இருப்பவர்களையும் இது இழுத்துவிடும் என்ற பயம் எழுந்தது. மறுபக்கம், உடல்நிலை காரணமாக வார்டில் நின்று வேலை செய்ய முடியாத தாதியரின் அனுபவம் வீணாகாமல் இங்கே பயன்பட்டது.

அடுத்தது காசு. 2010 இல் பரீட்சித்துப் பார்த்த '111' என்ற இலவச இலக்கம் 2013 இல் பழைய சேவையின் இடத்துக்கு வந்தது. நாட்டை 46 பகுதிகளாகப் பிரித்து ஒப்பந்தம் கொடுத்தார்கள். என்.எச்.எஸ். டிரெக்ட் 11 ஒப்பந்தங்களை வென்றது. பழைய சேவையில் ஓர் அழைப்புக்கு 20 பவுணுக்கு மேல் கிடைத்த அதற்கு, புதியதில் 10 பவுண்கூடக் கிடைக்கவில்லை. முதலில் அழைப்பை எடுத்தவர்களும் தாதியர் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்றவர்கள் திரையில் வரும் கேள்விகளைக் கேட்டு வழிகாட்டினார்கள். அவசியமானால் மட்டுமே தாதியிடம் கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் பல இடங்களில் மக்கள் நீண்ட நேரம் காத்திருந்தார்கள். 2013 ஜூலையில், இந்தக் காசுக்குக் கட்டாது என்று என்.எச்.எஸ். டிரெக்ட் விலகியது. 2014 மார்ச் 31 உடன் அது மூடப்பட்டது. பின்னர் 111 இலும் வைத்தியர், தாதியரின் பங்கைக் கூட்ட வேண்டி வந்தது.

எங்கள் நாட்டிலும் 1926 ஐ அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கிறது. நாளை எங்கள் ஊருக்கும் ஓர் ஆலோசனை இலக்கம் வேண்டும் என்று யாராவது சொன்னால் சந்தோசப்படுவோம். ஆனால் இலக்கத்தை அச்சடிப்பது லேசு. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கோலை எடுப்பவர் யார், அடுத்த வருடமும் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வோம்.