இன்ஜின் வெளியே வரும் வழி

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூருக்குப் பக்கத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி இருக்கிறது ஸ்ரீமதுரை. அங்கிருந்து ஊட்டிக்குப் போக நடுவட்டம் வழியாக ஒரே ஏற்றம். இரண்டாம் கியரிலேயே ஏறி ஏறிக் கிளட்ச் தேயும், தென்மேற்குப் பருவமழை தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். இப்படிப்பட்ட ஊரிலிருந்து பார்த்தால் சின்ன கார்களின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. 1959 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினிதான் எதிர்காலத்தைக் காட்டிய கார் என்றும், அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு பழைய பாணியின் மிச்சம் என்றும் சொல்வது வழக்கம். ஓட்டுகிறவருக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். இன்ஜினைக் கழற்றுகிறவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், பத்தடி நீளத்துக்குள் நான்கு பேரை உட்கார வைக்க இன்ஜினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சக்கரங்கள், சஸ்பென்ஷன் எல்லாம் சப்ஃபிரேம் என்கிற இரும்புச் சட்டத்தில் அமர்ந்தன. அந்தச் சட்டம் பாடியோடு போல்ட்டில் மாட்டப்பட்டது. ஆகவே கியர்பாக்ஸில் ஒரு பல் உடைந்தாலும் இன்ஜினோடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். மேலே தூக்கி எடுக்கலாம், இடுக்கில் கை நுழையாது. அல்லது சப்ஃபிரேமோடு இறக்கலாம். அதற்குக் கூலன்ட்டை வடித்து, சைலன்சர் குழாய், பிரேக் பைப், ஸ்டீயரிங் முனை, கியர் இணைப்பு, ஒயர்கள் எல்லாவற்றையும் விடுவித்து, மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றி, காரின் உடம்பையே உயர்த்தி, சட்டத்தை அடியிலிருந்து உருட்டி வெளியே இழுக்க வேண்டும். பாடியைத் தூக்க வசதியும் சமதளமான தரையும் உள்ள இடத்தில் இது சுத்தமான வேலை. சரிவான மண் தரையில், மழையில், துருவேறி இறுகிய போல்ட்டுகளோடு இது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, மினியின் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. அடைமழையில் தண்ணீர் பட்டு இன்ஜின் நின்றுவிடும் என்ற பெயர் அதற்கு ஆரம்பத்திலேயே உண்டு.

ஹெரால்டை இந்தியாவில் தயாரித்தது சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1961 முதல். அதன் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்ஜினை மேலிருந்து செயின் பிளாக் போட்டுத் தூக்கலாம். கியர்பாக்ஸ் மட்டும் போனதென்றால், உள்ளே முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, பயணிகள் உட்காரும் இடம் வழியாகவே வெளியே எடுக்கலாம். இன்ஜினைத் தொடவே வேண்டாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் அது. கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அருமை தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: ஹெரால்டை யாரும் அலசி ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லையே? உண்மைதான். 1953-இல் இந்திய அரசு, இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் இடம் என்றதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப் போயின. மினி பிறப்பதற்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் அமைந்ததும் மெக்கானிக் மேல் கொண்ட கருணையால் வந்ததல்ல. பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை மினியின் தாய் நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், முழு உடம்பையும் ஒரே கூடாகச் செய்ய ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் பூட்டும் வழிக்கு, ஹெரால்டை இங்கிலாந்தில் உருவாக்கிய ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் தள்ளப்பட்டது. வந்த காரணம் எதுவானாலும் பயன் பயன்தான். மலையில் அதிகம் உழைத்தவை ஜீப்பும் அம்பாசடரும்தானே என்றும் கேட்கலாம். அவற்றிலும் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருந்தது, கியர்பாக்ஸ் அதன் பின்னால் இருந்தது, இரண்டையும் தனித்தனியே பிரிக்க முடிந்தது. ஆகவே அந்தக் கேள்வி என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் வளைவில் நம்பக் கூடியதல்ல என்பதை மட்டும் மறுக்க முடியாது. அதன் வாரிசாக 1972-இல் வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டு சாதாரண ஆக்ஸிலே போட்டார்கள்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காகவே இருந்தது. மினி ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதன் கியர்பாக்ஸ் சம்ப்புக்குள் இல்லை, இன்ஜினின் பக்கவாட்டில் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஃபியட்டின் தாந்தே ஜகோசா 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமூலாவில் காட்டிய ஏற்பாடு. கிளட்ச் பிளேட் மாற்ற காரை ஜாக்கியில் ஏற்றி கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கினால் போதும், இன்ஜின் தன் இடத்திலேயே இருக்கும். மினி 2000-இல் நிறுத்தப்படும் வரை கியர்பாக்ஸை சம்ப்பிலேயே வைத்திருந்தது. உலகத்துச் சின்ன கார்களோ ஜகோசாவின் பின்னால் போயின.