கடிதம் பயின்ற காஸ்கெல் அம்மையார்

விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியருள் எலிசபெத் காஸ்கெல் அம்மையார் (1810–1865) பிறர் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் ஆழ்ந்து பயின்றவர். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சீமாட்டி செவீஞேயின் கடிதங்களில் தோய்ந்து, அவர் வரலாற்றை எழுதக் கருதினார். 1862-இல் பிரிட்டனியிலுள்ள அவர்தம் ரோஷே மாளிகையையும் சென்று கண்டார். நூல் முற்றுப்பெறவில்லை.

முன்னர், 1857-இல், அவர் வெளியிட்ட சார்லட் பிராண்டியின் வரலாற்றுக்கோ, தோழி எல்லன் நஸ்ஸிக்குச் சார்லட் வரைந்த கடிதங்களே உயிர்நாடி. அவற்றை எரிக்குமாறு சார்லட்டின் கணவர் 1854-இல் வற்புறுத்தியிருந்தார், நஸ்ஸி எரித்திலர். அங்ஙனமிருக்க, காஸ்கெல் தம் கடிதங்களை எரித்துவிடுமாறு மகளிடம் கூறியமை நோக்கத்தக்கது. இதனை முரண் என்று ஒதுக்குதல் பொருந்தாது. அச்சேறிய கடிதம் ஒருவர்தம் அந்தரங்கத்தை எத்துணை வெளிப்படுத்தும் என்பதைப் பயின்றறிந்தவரின் அச்சமே அஃது எனக் கொள்ளுதல் தகும்.