பூங்கா இசை விழா உரிமம்
பூங்கா இசை விழா உரிமம் என்பது, இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுப் பூங்காக்களில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளை நடத்த, 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றங்கள் வழங்கும் அனுமதியாகும். 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த இச்சட்டம், குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல் ஆகிய நான்கு நோக்கங்களையே அளவுகோலாகக் கொள்கிறது. ஒரே வேளையில் 499 பேருக்கு மேற்படாத குறுகிய நிகழ்ச்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பே போதுமானதாக இருக்க, அதனினும் பெரிய விழாவுக்கு வளாக உரிமம், அதாவது குறிப்பிட்ட இடத்தில் இசை நிகழ்த்தவும் மது விற்கவும் அளிக்கப்படும் இசைவு, தேவைப்படுகிறது. விண்ணப்பத்தின்மீது காவல்துறையினரும் குடியிருப்போரும் 28 நாள்களுக்குள் கருத்துரைக்கலாம். எதிர்ப்பு எழுந்தால் மன்றத்தின் உரிமத் துணைக்குழு விசாரணை நடத்தி, ஒலியளவு, முடிவு நேரம், கூட்ட வரம்பு முதலியன குறித்து நிபந்தனைகளை விதிக்கலாம்.

உரிமம் கிடைத்தாலும் பூங்கா நிலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் தனியே ஆராயப்படும். லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் வயர்லெஸ் விழாவை அனுமதித்த ஹாரிங்கே மன்றத்தின் முடிவு செல்லும் என 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிராக்வெல் பூங்கா விழாக்களை, ஆண்டுக்கு 28 நாள்களுக்கு மேற்படாத தற்காலிகப் பயன்பாட்டுக்குத் தனித் திட்ட அனுமதி வேண்டாம் என்னும் விதிக்குள் அடக்கிச் சான்றளித்த லாம்பெத் மன்றத்தின் முடிவையோ, 2025 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.